பழவேற்காட்டின் நிழற்கடிகாரமும் பரணில் கிடக்கும் கிதாபுகளும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, அதே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. அங்குள்ள சின்னப் பள்ளிவாசலில், தொழுகை நேரம் அறிய 1914-ல் அமைத்த சூரிய நிழற்கடிகாரம் இருக்கிறது. பலரும் அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதன் பின்னால் இருக்கும் கல்வியை நாம் மறந்துவிட்டோம்.

ஷாஃபிஈ மத்ஹபின்படி, உச்சிவேளை நிழலைக் கழித்து, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டும்போது அஸர் தொடங்குகிறது. உச்சி நிழலோ ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். பழவேற்காட்டில் ஆண்டுக்கு இரண்டு நாட்கள் உச்சியில் நிழலே விழாது. இதையெல்லாம் கணிப்பதற்கு வானியல் வேண்டும். முஸ்லிம் உலகம் இதை ‘மீக்காத்’ என்ற தனிக் கலையாகவே வளர்த்தது. இத்தகைய கணக்குகளும் மருத்துவக் குறிப்புகளும் அரபியிலும் பார்சியிலும் அரபுத்தமிழிலும் எழுதப்பட்டன.

2025-26 மத்திய பட்ஜெட்டில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துப் பாதுகாக்க ‘ஞான பாரதம்’ திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் அரபுத்தமிழ் ஏடு இதில் தவறிப்போக வாய்ப்பு அதிகம். எழுத்து அரபி என்பதால் தமிழறிஞரால் வாசிக்க முடியாது. மொழி தமிழ் என்பதால் வெளிமாநில அரபி அறிஞருக்குப் பொருள் விளங்காது. மருந்துக் குறிப்பேடும்கூட ‘மார்க்க நூல்’ என்று பதிவாகி, யாரும் தேடாத அடுக்கில் உறங்கிவிடும்.

இரண்டும் தெரிந்தவர்கள் நம் மதரஸாக்களில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் உள்ள பழைய கையெழுத்து ஏடுகளைப் பட்டியலிட்டு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கலாம். ஏடு வீட்டாரிடமே இருக்கட்டும். படப் பிரதியைச் சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்குக் காட்டி, இன்ன நூல் என்று அடையாளம் காண உதவி கேட்கலாம். அரபி, பார்சி, உருதுச் சுவடிகள் அங்கே ஏற்கெனவே உள்ளன.

ஓர் எச்சரிக்கை: 75 ஆண்டுகளைக் கடந்த, அறிவியல் அல்லது வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். ‘நல்ல விலை தருகிறோம்’ என்று வருவோரிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடக் கூடாது.

கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் கரையானும் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை. இந்த வாரமே பரணில் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.