கூடைப்பந்தாட்டமும் பயிற்சி முறையும்

கோயில் வீதியில் நாதசுர வித்துவானின் இசை கேட்டு மெய்ம்மறந்து நிற்கின்றோம். அவர் இளமையில் விடியற்காலந்தோறும் சரளி வரிசையையும் அலங்காரத்தையும் ஓயாது சாதகஞ் செய்தவர் என்பதை அவ்வேளை நாம் நினைப்பதில்லை. திருவிழாவில் மாத்திரம் வாசித்து வித்துவானானவர் எவருமிலர். விளையாட்டுக்கும் இவ்விதியே பொருந்தும். ஆயினும், நம் மைதானங்களிற் பெரும்பாலும் நாம் காண்பது யாது? மாலையிற் பிள்ளைகள் கூடுகின்றனர். ஐவர் ஐவராகப் பிரிந்து ஆடுகின்றனர். பொழுது சாய்ந்ததும் கலைகின்றனர். இதனையே பயிற்சி என்கின்றோம். இஃது ஆட்டமேயன்றிப் பயிற்சியன்று என்பது எமது துணிபு.

இவ்வாட்டத்தை வகுத்தவரின் நோக்கை முதலிற் கருதுவோம். 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்திற் கூரையின்கீழ் ஆடத்தக்கதோர் ஆட்டம் வேண்டி, பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அமைப்பித்தார். இலக்குத் தாழ்ந்திருப்பின் வேகமே வெல்லும். உயரத்தே கிடையாக இருப்பின் நிதானமே வெல்லும் என்பது அவர் கருத்து. அப்பத்தடி இன்றும் மாறவில்லை. ஆகவே, இவ்வாட்டம் பிறப்பிலேயே வலிமையினும் கைப்பழக்கத்தைப் போற்றுவது.

வளையத்தின் உள்விட்டம் ஏறக்குறைய 45 சதமமீற்றர்; பந்தின் விட்டம் ஏறக்குறைய 24 சதமமீற்றர். நேர்மேலிருந்து விழும் பந்துக்கு வளையம் முழுவதும் திறந்திருக்கும். 45 பாகைச் சரிவில் வரும் பந்துக்கு அதன் அகலம் 32 சதமமீற்றரளவே. 30 பாகைச் சரிவிலோ 23 சதமமீற்றரும் இல்லை. விளிம்பிற் படாது பந்து புகுதல் இயலாது. பந்தை உயர வளைத்தெறிக என ஆசிரியர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. கணித வகுப்பிற் கற்ற சைன் விகிதம் மைதானத்திற் பயன்படும் இடம் இஃது.

இனி, பயிற்சிகள் சிலவற்றைக் கூறுவோம். முதலாவது, வளையத்துக்கு அணித்தாக நின்று எறிதல். தொடர்ந்து ஐந்து முறை பந்து வீழ்ந்த பின்னரே ஓரடி பின்வாங்குதல் வேண்டும். இரண்டாவது, ஜோர்ஜ் மைக்கன் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயரால் வழங்குவது. வளையத்தின் கீழ் நின்று, வலப்புறத்தில் வலக்கையாலும் இடப்புறத்தில் இடக்கையாலும் மாறிமாறி எறிந்து, பந்தை நிலத்தில் வீழவிடாது பற்றுதல். மூன்றாவது, பந்தைத் தட்டிச் செல்லுங்கால் தலையை நிமிர்த்தியிருத்தல். எதிரே நிற்கும் தோழன் காட்டும் விரல்களின் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே வருதல் வேண்டும். நான்காவது, பந்தே இல்லாமல், கால்களைப் பின்னாது பக்கவாட்டில் நகர்ந்து எதிரியை மறித்தல். இறுதியாக, ஓடிக் களைத்த நிலையில், எதிரணியின் பிழைக்காகக் கிடைக்கும் தனி எறிகையை இரண்டிரண்டாக எறிந்து பழகுதல். போட்டியில் அவ்வெறிகை களைப்பின் மத்தியிலேயே வருமன்றோ?

நெட்டையருக்கே இவ்வாட்டம் உரியது என்பாரும் உளர். ஏழடியை மீறிய வில்ற் சேம்பர்லேன் தனி எறிகையில் வல்லவரல்லர் என்பது யாவரும் அறிந்தது. அவரே 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் நூறு புள்ளிகள் பெற்ற ஆட்டத்தில், பந்தை இடுப்பின் கீழிருந்து இரு கைகளாலும் எறிந்து, 32 தனி எறிகைகளில் 28ஐ வெற்றியாக்கினார். பின்னர், காண்போர் நகைப்பரென அம்முறையைக் கைவிட்டார். உயரம் கைகொடாத இடத்தில் முறை கைகொடுத்தது. நாணம் அதனையும் கெடுத்தது. இடக்கையாற் பழக வெட்கப்படும் நம் மாணவர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

பயிற்சி சலிப்பூட்டும், பிள்ளைகள் ஆடவே வருகின்றனர் என்பது மற்றொரு தடை. ஒரு பந்தும் பத்துப் பேரும் நாற்பது நிமிடம் ஆடினால், ஒருவன் கையிற் பந்து இருப்பது சராசரி நான்கு நிமிடத்துக்கும் மேற்படாது. வல்லவன் அதிகம் பெறுவான். மெலியவன் பெறாமலே வீடு திரும்புவான். சலிப்பு என்பது உண்மையில் அவனுக்கே உரியது. இருவருக்கு ஒரு பந்து கொடுத்துப் பழக்கினால், அவனும் ஒவ்வொரு மாலையும் நூறு முறை எறிவான். அன்றன்று விழுந்தவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வந்தால், தன் வளர்ச்சியைத் தானே காண்பான். இறுதி இருபது நிமிடம் யாவரும் ஆடட்டும். அதனை நாம் மறுக்கவில்லை.

இங்கே பழைய மாணவராகிய எமது கடமை தெளிவாகின்றது. விழாக் காலங்களில் வெற்றிக் கிண்ணங்களை வழங்குவதில் நாம் பின்நிற்பதில்லை. கிண்ணம் வென்றவன் ஒருவனையே மகிழ்விக்கும். அதே பணத்திற் பந்துகள் வாங்கினால், அணியில் இடம்பெறாத சிறுவனுக்கும் ஒரு பங்கு கிட்டும். நாமும் ஒருகாற் கோட்டுக்கு வெளியே நின்று பந்துக்காகக் காத்திருந்தவர்களே. அவ்வாறு காத்திருக்கும் பிள்ளையின் கையில் ஒரு பந்தைக் கொடுப்பதினும் சிறந்த விழாக் காணிக்கை வேறில்லை.