கேசாங் வரை போன பேருந்து

சியோல் நகரின் நடுவே உள்ள ஹோட்டல்களின் வாசலில் காலையிலேயே சுற்றுலாப் பேருந்துகள் வந்து நின்றுவிடுகின்றன. ஏறுகிறவர்களிடம் கைடு கேட்கும் முதல் கேள்வி, "பாஸ்போர்ட் இருக்கிறதா?" என்பதுதான். மாலைக்குள் திரும்பிவிடப் போகிற, நாட்டு எல்லையைத் தாண்டாத பயணத்துக்கு பாஸ்போர்ட் எதற்கு என்று புதிதாக வந்தவர்கள் விழிக்கிறார்கள். மறந்துவிட்டு வந்தவர் வண்டியிலிருந்து இறங்க வேண்டியதுதான். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

பேருந்து போவது வட கொரிய எல்லைக்கு. டி.எம்.இஸட். என்று மூன்றெழுத்தில் உலகம் அறிந்த ராணுவமற்ற மண்டலம் அது. 1953 ஜூலை 27-ல் போர் நிறுத்தம் கையெழுத்தானபோது கொரியாவின் இடுப்பைச் சுற்றிக் கட்டிய பட்டை. நீளம் 248 கி.மீ., அகலம் 4 கி.மீ. ராணுவமற்றது என்பது பெயரளவில்தான். அதன் இரு பக்கத்திலும் லட்சக்கணக்கான படைவீரர்கள் நிற்கிறார்கள். உள்ளே கண்ணிவெடிகள் புதைந்து கிடக்கின்றன. சுற்றுலா நிறுவனங்களின் துண்டறிக்கைகளோ இதை இயற்கைக் காட்சி என்று விற்கின்றன. அதிலும் பொய்யில்லை. 70 வருடங்களுக்கு மேலாக மனிதன் உழாத, வெட்டாத, வீடு கட்டாத நிலம். சதுப்பும் காடும் தம் இஷ்டத்துக்கு வளர்ந்திருக்கின்றன. மலை ஆடும் கஸ்தூரி மானும் உலவுகின்றன. கிழக்கே சோர்வோன் சமவெளியில் குளிர்காலத்தில் செந்தலைக் கொக்குகள் வந்து இறங்குகின்றன. மனிதர்கள் சண்டை போட்டுக்கொண்டு விலகியதில் கொக்குகளுக்கு லாபம்.

நகரை விட்டு வடமேற்கே போகும் நெடுஞ்சாலைக்கு ஜாயு-ரோ என்று பெயர். சுதந்திரச் சாலை என்று அர்த்தம். இடது பக்கம் ஹான் நதி கூடவே வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் முடியும் இடத்தில் நதிக்கரையில் முள்வேலி தொடங்குகிறது. நடுநடுவே காவல் மேடைகள். ஒடுசான் குன்றருகே ஹான் நதியும் இம்ஜின் நதியும் கலக்கின்றன. தண்ணீருக்கு அக்கரையில் தெரிவது வட கொரியா. ஒரு கோடிக்குச் சற்றே குறைவான மக்கள் வாழும் தலைநகரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அடுத்து முன்சான் என்ற ஊர் வருகிறது. பேருந்து நிற்பதில்லை. இந்தியப் பயணிகள் ஜன்னல் வழியே ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம். 1951 மார்ச் 23 அன்று அமெரிக்க பாராசூட் படையின் 3,000-க்கும் அதிகமான வீரர்கள் இந்த வயல்களில் குதித்தனர். அவர்களோடு இந்திய ராணுவத்தின் 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவைச் சேர்ந்த ஒரு சிறு குழுவும் குதித்தது. பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பின்னர் மகாவீர் சக்ரா பெற்றவர். இந்தியா கொரியாவுக்குச் சண்டை போட ஆள் அனுப்பவில்லை, டாக்டர்களை அனுப்பியது. அவர்கள் மூன்று வருடங்களுக்கு மேல் அங்கே இருந்தார்கள்.

போர் நின்ற பிறகு இந்தியாவுக்கு இன்னும் சிக்கலான வேலை வந்து சேர்ந்தது. சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளை யாராவது காவல் காத்து, அவர்களிடம் ஒவ்வொருவராக விருப்பம் கேட்க வேண்டும். ஜெனரல் திம்மய்யா தலைமையில் நடுநிலை நாடுகளின் கமிஷன் அமைந்தது. காவலுக்கு இந்தியப் படை போனது. தென் கொரிய அதிபர் சிங்மன் ரீக்கு இந்தியர்களைப் பிடிக்காது. தம் மண்ணில் அவர்கள் கால் வைக்கக்கூடாது என்றார். இதனால் கப்பலில் வந்த இந்திய வீரர்கள் இன்சான் துறைமுகத்திலிருந்து ஹெலிகாப்டரில் நேராக ராணுவமற்ற மண்டலத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அவர்கள் போட்ட முகாமுக்கு ஹிந்த் நகர் என்று பெயர் வைத்தார்கள். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்று சொன்ன 88 கைதிகள் 1954-ல் அவர்களோடு கப்பலேறி இந்தியா வந்தனர். பின்னர் பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். சோய் இன்-ஹுன் 1960-ல் எழுதிய 'சதுக்கம்' நாவலின் நாயகன் இப்படி ஒரு கைதிதான். நடுநிலை நாட்டுக்குப் போகும் கப்பலிலிருந்து அவன் மறைந்துவிடுகிறான். அந்தக் கப்பலுக்கு நாவலாசிரியர் வைத்த பெயர் தாகூர்.

முதல் நிறுத்தம் இம்ஜின்காக். 1972-ல் கட்டியது. அனுமதிச் சீட்டு இல்லாமல் பொதுமக்கள் வரக்கூடிய எல்லை ஏறக்குறைய இதுதான். இறங்கியதும் கண்ணில் படுவது ராட்டினங்கள். ஊஞ்சல் போல ஆடும் ராட்சதப் படகில் பிள்ளைகள் கூச்சலிடுகிறார்கள். ஐஸ்கிரீம், வறுத்த கோழி எல்லாம் கிடைக்கிறது. நதியைத் தாண்டிப் போக 2020 முதல் தொங்கு வண்டியும் ஓடுகிறது. இதையெல்லாம் பார்த்து முகம் சுளிக்கும் வெளிநாட்டவர்கள் உண்டு. அந்தச் சுளிப்பு கொஞ்சம் அவசரமானது. இரண்டு தலைமுறையாக எல்லை ஓரத்தில் வாழ்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போகத்தானே வேண்டும்?

ராட்டினங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல் பீடம் இருக்கிறது. பெயர் மாங்பேதான். 1985-ல் கட்டப்பட்டது. வடக்கிலிருந்து வந்து திரும்ப முடியாமல் போனவர்கள் சந்திரப் புத்தாண்டிலும் அறுவடைத் திருநாளான சூசோக்கிலும் இங்கே கூடுகிறார்கள். பழங்களும் அரிசிப் பலகாரமும் மதுவும் படைத்து, வடக்கு நோக்கி விழுந்து கும்பிடுகிறார்கள். மூதாதையரின் கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கிச் செய்ய வேண்டிய சடங்கு அது. கல்லறை அக்கரையில் இருப்பதால் திசையைப் பார்த்துச் செய்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு நீராவி ரயில் எஞ்சின் நிற்கிறது. 1950-ன் கடைசி நாளில் ஜாங்தான் ஸ்டேஷனில் நின்றுபோனது. உடம்பில் ஆயிரத்துக்கும் அதிகமான குண்டு ஓட்டைகள். 50 வருடங்களுக்கு மேல் எல்லைக்குள்ளேயே துருப்பிடித்துக் கிடந்ததில் அதன் மேலேயே ஒரு முசுக்கட்டை மரம் முளைத்து வளர்ந்துவிட்டது. எஞ்சினைக் கொண்டுவந்தவர்கள் மரத்தையும் விடவில்லை. பெயர்த்து வந்து பக்கத்தில் நட்டிருக்கிறார்கள். 1953-ல் 12,773 கைதிகள் நடந்து வந்த சுதந்திரப் பாலம் எதிரே இருக்கிறது. அதன் கம்பி வேலி முழுக்கப் பல வண்ண ரிப்பன்கள். வேண்டுதல்கள் எழுதிக் கட்டியவை.

இம்ஜின் நதியைக் கடக்கும் டோங்கில் பாலத்தில்தான் பாஸ்போர்ட்டுக்கு வேலை. இளம் சிப்பாய் ஒருவர் பேருந்தில் ஏறி ஒவ்வொரு முகத்தையும் புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். 1998 ஜூனில் இதே பாலத்தின் வழியே 500 மாடுகள் லாரிகளில் வடக்கே போயின. அனுப்பியவர் ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜு-யுங். வடக்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதில் அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு சியோலுக்கு ஓடி வந்தவர். அந்த ஒரு மாட்டுக்குக் கடன் தீர்க்கிறேன் என்று தாமே கூடப் போனார். அக்டோபரில் இன்னும் 501 மாடுகள். மொத்தம் 1,001. வட்டியோடு அசலும் என்பது கணக்கு.

மூன்றாவது சுரங்கம் எல்லாச் சுற்றுலாவிலும் உண்டு. 1978-ல் கண்டுபிடிக்கப்பட்டது. தெற்கைத் தாக்க வடக்கு தோண்டியது என்கிறது தென் கொரியா. பூமிக்கு அடியில் 73 மீட்டர் ஆழம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு குனிந்தபடி போக வேண்டும். நிலக்கரிச் சுரங்கம் என்று காட்ட கருங்கல் சுவரில் கரி பூசியிருக்கிறார்கள் என்று கைடு சொல்ல, எல்லோரும் சுவரைத் தொட்டு விரலைப் பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு கான்கிரீட் தடுப்பு. திரும்பி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. வேறு விசேஷமில்லை.

டோரா மலைமேல் இருக்கும் பார்வைக் கூடம்தான் பயணத்தின் உச்சம். வரிசையாக பைனாகுலர்கள். பழைய கட்டடத்தில் 500 வோன் நாணயம் போட்டால்தான் பார்க்க முடிந்தது. தரையில் ஒரு மஞ்சள் கோடும் இருந்தது, அதைத் தாண்டி நின்று படம் எடுக்கக்கூடாது என்பது விதி. எதிரே பச்சைப் பள்ளத்தாக்கு. அதன் நடுவே இரண்டு கொடிக் கம்பங்கள். தெற்கின் தேசோங்-தோங் கிராமத்தில் சுமார் 100 மீட்டர் உயரக் கம்பம் நட்டார்கள். வடக்கு சும்மா இருக்குமா? கிஜோங்-தோங்கில் 160 மீட்டருக்கு நட்டது. அதற்குப் பின்னால் மொட்டை மலைகள். விறகுக்கு வெட்டிவிட்டார்கள் என்பது கைடுகளின் விளக்கம். தெளிவான நாளில் கேசாங் நகரம் தெரிகிறது.

கேசாங்கை எதிரி ஊர் என்று நினைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். 1950 வரை அது தென் கொரியாவில் இருந்தது. 38-வது அட்சரேகைக்குத் தெற்கே இருந்த ஊர். போர் முடிந்து கோடு புதிதாகப் போட்டபோது வடக்கே போய்விட்டது. ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று கதவைப் பூட்டிவிட்டு ஆற்றைக் கடந்தவர்களின் ஊர் அது. கொரியா என்ற பெயருக்கே காரணமான கோர்யோ அரசர்களின் பழைய தலைநகரமும் அதுவே.

இந்த மலையடியில் ஓடும் சாலையில் ஒரு காலத்தில் சுற்றுலாப் பேருந்துகள் நிற்காமல் வடக்கே போயின. அதிக காலம் இல்லை. 2007 டிசம்பரிலிருந்து 2008 நவம்பர் வரை, ஒரே ஒரு வருடம். சியோலில் விடியுமுன் ஏறினால் கேசாங்கைப் பார்த்துவிட்டு அன்று இரவே வீட்டில் படுக்கலாம். கட்டணம் 180,000 வோன் அளவில் இருந்தது. மலிவில்லை. கட்டுப்பாடுகளும் குறைவில்லை. மொபைல் போனை எல்லையிலேயே கொடுத்துவிட வேண்டும். செய்தித்தாள் எடுத்துப் போகக்கூடாது. ஓடும் பேருந்திலிருந்து படம் எடுக்கக்கூடாது. திரும்பும்போது கேமராவில் இருக்கும் படங்களை வடக்கின் சிப்பாய்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

பாக்யோன் அருவிக்கு அழைத்துப் போனார்கள். கொரியாவின் மூன்று பெரிய அருவிகளில் ஒன்று அது. கேசாங் மக்கள் தம் ஊரின் மூன்று அதிசயங்கள் என்று சொல்லிக்கொள்வதில் அருவிக்கும் இடமுண்டு. மற்ற இரண்டும் மனிதர்கள்: 16-ம் நூற்றாண்டின் கணிகையும் கவிஞருமான ஹ்வாங் ஜினி, அவர் மயக்க முயன்று தோற்றதாகச் சொல்லப்படும் அறிஞர் சோ கியோங்-தோக். கோர்யோவின் விசுவாச அமைச்சர் ஜோங் மோங்-ஜு 1392-ல் கொல்லப்பட்ட சோன்ஜுக் கல்பாலத்தையும் காட்டினார்கள். கல்லில் உள்ள செந்நிறம் அவருடைய ரத்தம் என்பது நம்பிக்கை. மதியம் பித்தளைக் கிண்ணங்களில் பத்துக்கும் மேற்பட்ட பதார்த்தங்களோடு சாப்பாடு. தெற்கில் பள்ளிப் பாடத்தில் படித்த இடங்களை ஒரு தலைமுறை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தது. அந்த ஒரு வருடத்தில் போய் வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பிறந்த வீட்டின் கூரையையாவது ஜன்னல் வழியே பார்க்க முடியுமா என்று வந்த முதியவர்களும் இருந்தார்கள். பேருந்து அவர்கள் தெருவுக்குப் போகாது. ஆனாலும் அதே ஊரின் காற்று.

கிழக்குக் கரையில் கும்காங் மலைக்கு 1998 நவம்பரில் தொடங்கிய சுற்றுலா இதைவிடப் பெரிது. பத்து வருடங்களில் 19 லட்சத்துக்கும் அதிகமானோர் போனார்கள். 2008 ஜூலையில் விடியற்காலை கடற்கரையில் நடக்கப் போன தென் கொரியப் பெண் ஒருவர் ராணுவப் பகுதிக்குள் போய்விட, வட கொரியச் சிப்பாய் சுட்டுக் கொன்றார். அத்தோடு அது நின்றது. உறவு கெட்டு அதே வருடம் நவம்பரில் கேசாங் பயணமும் நின்றது. டோராசான் ஸ்டேஷனிலிருந்து வடக்கே தினமும் போய் வந்த சரக்கு ரயிலும் அதே மாதம் நின்றது. பல நாள் காலிப் பெட்டிகளோடு ஓடிய ரயில்தான், இருந்தாலும் ஓடியது. ஸ்டேஷன் பலகையில் மட்டும் இன்னும் இரண்டு ஊர்கள்: சியோல் 56 கி.மீ., பியோங்யாங் 205 கி.மீ.

பிறகு நடந்ததெல்லாம் டோரா மலையிலிருந்தே பார்க்கக்கூடியவை. இரு நாடுகளும் சேர்ந்து நடத்திய கேசாங் தொழிற்பேட்டை 2016 பிப்ரவரியில் மூடப்பட்டது. அங்கிருந்த கூட்டு அலுவலகத்தை 2020 ஜூனில் வடக்கு வெடிவைத்துத் தகர்த்தது. புகை தெற்கே தெரிந்தது. 2024 தொடக்கத்தில் கிம் ஜோங் உன் இனி இணைப்பு என்ற பேச்சே இல்லை என்றார். அந்த அக்டோபரில் சுற்றுலாப் பேருந்துகள் ஒரு காலத்தில் போன அந்தச் சாலையின் வட பகுதியும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்த மாதமே கிம்போவில் ஏகிபோங் குன்றின்மேல் ஓர் அமெரிக்கக் காபிக் கடை திறந்தது. நதிக்கு அப்பால் வட கொரியக் கிராமத்தைப் பார்த்தபடி காபி குடிக்கலாம். கூட்டத்துக்குக் குறைவில்லை.

இந்தப் பயணங்களை இழிவான வியாபாரம் என்று தள்ளிவிடுவது எளிது. பேருந்துகளும் வராவிட்டால் அந்த மலைமேல் சிப்பாய்கள் மட்டும்தான் இருப்பார்கள், வடக்கு என்பது தொலைக்காட்சியில் வரும் ஏவுகணை என்ற அளவில் நின்றுவிடும். கவலை வேறு. பைனாகுலர் வரிசையில் நிற்கிறவர்களில் அந்தக் காட்சியில் ஒரு தெருவையோ கிணற்றையோ தேடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிரிந்த குடும்பத்தார் என்று 1988 முதல் தென் கொரிய அரசிடம் பதிவு செய்தவர்கள் 1,30,000-க்கும் மேல். அவர்களில் உயிரோடிருப்பவர்கள் இன்று 40,000-க்கும் குறைவு. பெரும்பாலோர் 80 வயதைத் தாண்டியவர்கள். 2000-லிருந்து 2018 வரை 21 முறை சந்திப்புகள் நடந்தன. கம்ப்யூட்டர் குலுக்கலில் பெயர் வந்தால் மூன்று நாள் பயணம், அதில் சில மணி நேரம் தம்பியோடு, மகளோடு. அவ்வளவுதான். 2018 ஆகஸ்டுக்குப் பிறகு சந்திப்பே இல்லை. கும்காங் மலையில் அதற்கென்று கட்டிய கூடத்தையும் 2025-ல் வடக்கு இடிக்கத் தொடங்கிவிட்டதாக தென் கொரிய அரசு அறிவித்தது.

காத்திருப்பவர்கள் கேமரா முன் உட்கார்ந்து வடக்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதைப் பேசிப் பதிவு செய்கிறார்கள். அனுப்ப வழியில்லாததால் அந்த நாடாக்களை அரசு பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. 2014 முதல் அவர்களின் மரபணு மாதிரிகளையும் எடுத்து வைக்கிறார்கள், அவர்கள் இறந்த பிறகாவது யாருக்கு யார் உறவு என்று பேரப்பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும் என்று.