பசையுள்ள பாசி

எங்கள் பக்கம் ஒருவரைப் 'பசையுள்ள ஆசாமி' என்றால் பணக்காரர் என்று அர்த்தம். ஆனால் சிவகாசிக்காரனுக்குப் பசை என்றாலே மைதாதான். ஆச்சி மைதாவைக் காய்ச்சி இறக்க, தெருவே உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிய ஊர்.

போன மாசம் பெரியப்பாவுக்குப் பல்செட் கட்ட விருதுநகருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ரோஸ் கலர் மாவைக் குழைத்து வாய்க்குள் அப்பினார். கொஞ்ச நேரத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிட்டது. அதைக் கழற்றியதும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி:

"இது என்ன பசை டாக்டர், மைதாவா?"

"கடல்பாசி அண்ணாச்சி. ஆல்ஜினேட்."

பெரியப்பா சுத்த சைவம். மீன் வாசம் வருகிறதா என்று நாக்கைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டார்.

நமக்குக் கடலை தெரியும், கடல் தெரியாது. நானோ பி.காம். இருந்தாலும் விடவில்லை, தேடிப் படித்தேன். ராமநாதபுரம் கரையில், மண்டபம், பாம்பன் பக்கம் பழுப்புப் பாசிகள் வளர்கின்றன. கட்டக்கோரை ஒன்று, பக்கோடா பாசி இன்னொன்று (நிஜமாகவே அதுதான் பேர்!). அவற்றின் செல் சுவரில் இருக்கும் பசைச் சத்துதான் ஆல்ஜினேட். 1881-ல் ஸ்டான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது. ஐஸ்கிரீமிலும் இருக்கும், துணிக்கு அச்சடிக்கும் சாயத்திலும் இருக்கும்.

பி.காம். பாஷையில் சொன்னால், ஆல்ஜினேட் என்பது பாசி கட்டிய வீடு. லாமினாரின் என்று இன்னொரு சர்க்கரைச் சத்து உண்டு. அது கைரொக்கம், தேவைப்படும்போது எடுத்துச் செலவழிக்கும். சரி, பாசி வீட்டில் விசேஷம் என்றால்? அதாவது இனப்பெருக்கக் காலம்?

மண்டபத்தில் விஞ்ஞானிகள் 1960-களிலேயே மாசாமாசம் பாசியைப் பறித்து அளந்து பார்த்திருக்கிறார்கள். நன்றாக வளர்ந்து காய்ப்புக்கு வருகிற சமயத்தில்தான் ஆல்ஜினேட் நிறையக் கிடைத்ததாம். எல்லாப் பாசிக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது. ஜப்பானில் வக்காமே பாசியின் அடியில் இருக்கிற விதைப் பகுதியை 'மெக்காபு' என்று தனியாக விற்கிறார்கள். இலையைவிட அதில் ஃபூகாய்டான் என்ற வேறொரு பசைச் சத்து அதிகம்.

பிரசவ நேரத்தில் பசை எதற்கு? கட்டக்கோரைக் குடும்பத்தில் முட்டை வெளியே வந்ததும் கடலோடு போய்விடாது. தாய் தன் பசையாலேயே அதை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கரு கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் உதிரவிடும். இடுப்புப் பிள்ளையை இறக்கிவிடுகிற மாதிரி!

வில்லங்கம் இங்கேதான். பசை கூடுகிற நேரத்தில் வியாபாரிக்குப் பாசி வேண்டும். அதே நேரத்தில்தான் பாசிக்குப் பிள்ளைகள் வேண்டும். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை பறிப்பு சீசன். கிளையை மட்டும் பறித்தால் பாறையைக் கவ்விய அடி மறுபடி தழைக்கும். அடியோடு சுரண்டினால் முதலுக்கே மோசம். நம் ஊர் மொத்த வியாபாரிக்குச் சொல்லித் தரவேண்டுமா, விதைக் கடலையைச் செக்கில் போடக்கூடாது என்று?

கழுத்தளவுத் தண்ணீரில் முக்குளித்துப் பாசி பறிப்பவர்கள் பெண்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கிப் போகிறார்கள். இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மாசத்தில் 12 நாள்தான் பறிப்பது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வயிற்றுப்பாட்டில் 18 நாளை விட்டுக்கொடுப்பது என்ன லேசா? பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி, இவர்கள் சார்பில் 2015-ல் அமெரிக்கா போய் சீகாலஜி பரிசு வாங்கி வந்தார். 10,000 டாலர்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார். "அப்போ அந்தப் பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு எவ்வளவுடா கொடுக்கான்?" என்றார். வியாபாரி அல்லவா, சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பல்செட் வந்துவிட்டது. மாட்டியதும் பெரியப்பா கேட்டது பக்கோடா. கடலை மாவுதானா என்று இரண்டு தடவை விசாரித்துவிட்டுத்தான் கடித்தார்.