சைவம் மட்டும்

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் குமாஸ்தா சம்பளத்துக்கு வீடு கட்டுப்படியாகாது, தள்ளிப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று நம் முற்போக்கு நண்பர்கள் புத்தி சொல்கிறார்கள். வீட்டுக்காரன் காசை மட்டுமா கேட்கிறான்? "சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு? கவுச்சி உண்டா?" 'சைவம் மட்டும்' என்கிற பலகை, சாதியைச் சொல்லாமலே சாதி கேட்கிற தந்திரம். (கூவம் நாத்தம் மட்டும் இவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது.)

1917இல் பரோடாவில் அம்பேத்கருக்கு உத்தியோகம் இருந்தது, கொலம்பியாவில் படித்த படிப்பும் இருந்தது. பார்சிகள் தடியோடு வந்து விடுதியைவிட்டு விரட்டினார்கள். வாடகை கொடுக்க வக்கில்லாமலா?

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. இருவரும் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்று ஓட்டையும் வைத்திருக்கிறது. பத்து வீட்டில் கதவு சாத்தப்பட்டவன், பதினோராவது வீட்டுக்காரன் பத்து மாச அட்வான்ஸ் கேட்டால் மாட்டேன்னு சொல்லுவானா? சாதி இப்படித்தான் ரூபாயாக மாறுகிறது. சாதி பார்த்து வீடு மறுப்பது குற்றம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அரசியல் சட்டத்தின் 15(2) கடை, ஓட்டல், கிணறு, குளம் என்று எண்ணிச் சொல்கிறது. வாடகை வீட்டைச் சொல்லவில்லை.

அம்பேத்கர் படத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஜன்னலைச் சாத்திக் கருவாடு வறுக்கிற குடித்தனங்கள் நமக்குத் தெரியும். வீட்டு வாடகைப்படியை உயர்த்தக் கொடி பிடிக்கும் தோழர்களே, வீடு மறுப்பவனுக்குத் தண்டனை வேண்டும் என்று உங்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் கொண்டுபோய்ப் பாருங்கள்.