பீஸ் ரேட்டுக்கும் விடுப்பு உண்டு

"அண்ணே, நாளைக்கு ஒரு நாள் வரமாட்டேன். வீட்டுல சாமி கும்புடு."

"சரக்கு கிளம்பணும்மா. கையில இருக்கிறத முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

தளவாய்புரம், செட்டியார்பட்டித் தையல் கூடங்களில் விடுப்புக் கேட்பது பெரும்பாலும் இப்படி இரண்டு வரியில் முடிந்துவிடும். ராஜபாளையத்தை அடுத்த இந்த ஊர்கள் நைட்டி தைப்பதற்குப் பெயர் பெற்றவை. கட்டிங், ஓவர்லாக், ஜிப், அயர்ன், பேக்கிங் என்று துணி கைமாறிக்கொண்டே போகும். பலருக்கும் கூலி பீஸ் ரேட்தான். தைத்த உருப்படிக்குக் காசு, வராத நாளுக்கு ஒன்றுமில்லை. காசே இல்லாத லீவுக்கு எழுதிக் கொடுப்பானேன் என்று இரு தரப்பும் இருந்துவிடுகின்றன.

அந்த நினைப்பில்தான் தொழிலாளிக்கு நஷ்டம். பீஸ் ரேட் என்றால் சம்பளத்துடன் விடுப்பு கிடையாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்று வகுத்தது. ஆண்டுக்கு 300 நாள் மெஷினில் உட்கார்ந்தவருக்கு 15 நாள். அந்த நாட்களுக்கு என்ன கூலி? விடுப்புக்கு முந்தைய மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரி வருமானம் என்று அதே சட்டம் கணக்கும் காட்டியது. ஓவர்டைம் கூலி இதில் சேராது; ஆனாலும் தீபாவளி ஆர்டருக்கு வழக்கமான வேலை நேரத்திலேயே அதிக உருப்படி தைத்த மாதத்தை அடுத்து விடுப்பு எடுத்தால், சராசரியும் கூடுதலாக வரும். உருப்படிக் கூலிக்காரருக்கும் பொருந்தும் கணக்கு இது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் 20 நாளுக்கு ஒன்று என்பதை மாற்றவில்லை. முன்பு ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இப்போது 180 நாள் போதும். சீசனுக்கு ஏறி இறங்கும் தையல் வேலைக்கு இது பெரிய மாற்றம்.

ஒரு வேலி இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் இந்த விடுப்பு. வீட்டுத் திண்ணையில் ஒற்றை மெஷின் போட்டுத் தைக்கும் பெண்ணுக்கு அது எட்டாது. அரசு முதலில் கவனிக்க வேண்டியது அவரைத்தான்.

பண்டிகை விடுமுறையிலும் கேட்க இடமுண்டு. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, ஐந்து பண்டிகை நாட்களும் கூலியுடன் விடுமுறை. அந்த ஐந்து எவை என்பதை முதலாளி, தொழிலாளி இருவரையும் கலந்துதான் ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும்தான். பிள்ளைகள் வீட்டில் இருக்க, தாய் மெஷினுக்குப் போகிறார். ஆடிப்பூரத்தை அந்த ஐந்தில் ஒன்றாகச் சேர்க்கக் கேட்டால் என்ன?

முதலாளிகளின் கஷ்டத்தையும் பேசத்தான் வேண்டும். சிறு கூடங்கள் பலவும் பெரிய வியாபாரிக்குத் தேதி சொல்லிச் சரக்கு அனுப்புபவை. ஓவர்லாக் போடுபவர் திடீரென்று வராவிட்டால், அடுத்து ஜிப் வைப்பவரும் சும்மா உட்கார வேண்டும். 1948 சட்டம் 15 நாள் முன்னதாக எழுதிக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். காய்ச்சல் நாள் பார்த்து வராது என்பதால், நோய்க்கு அந்தக் கெடு பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னது. இஎஸ்ஐயில் பதிவானவருக்கு, உரிய சந்தா நாட்கள் இருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கும் தாள் வேண்டும்.

எழுத்தில் கேட்பதற்கு இன்னொரு பலனும் உண்டு. எடுக்காத விடுப்பில் 30 நாள் வரைதான் அடுத்த ஆண்டுக்குப் போகும். முறைப்படி கேட்டு மறுக்கப்பட்ட நாட்களுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. வாய்மொழியாகக் கேட்டு மறுக்கப்பட்டதை யார் கணக்கில் வைப்பது? கூலி நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்பது பக்க நோட்டு போதும்: பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கேட்ட நாள், கிடைத்ததா இல்லையா, இரண்டு கையெழுத்து. வாரக் கூலி வாங்கும்போது இரண்டு நோட்டையும் ஒன்றாகவே பார்த்துக்கொள்ளலாம்.