எவ்வூர்க் கடிகாரம்?

மாரிகாலத்தில் ஒருநாள், ஹொங்கொங்கிலே காலை 10 மணிக்குப் புறப்பட்ட ஆகாயவிமானம் தோக்கியோவைப் பிற்பகல் 3 மணிக்கு அடைகின்றது எனக் கொள்வோம். மறுநாட் காலை 10 மணிக்குத் தோக்கியோவினின்று புறப்பட்டு, ஹொங்கொங்கைப் பிற்பகல் 2 மணிக்கே அடைகின்றது. தூரமோ ஒன்றே, ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர். எப்பிரயாணம் விரைவானது?

மீண்ட பிரயாணமே என்பீராயின், விடை பிழை! தோக்கியோ நேரம் ஒரு மணித்தியாலம் முந்தியது. ஆகவே, போவதற்கு நான்கு மணித்தியாலம், மீள்வதற்கு ஐந்து.

காரணம் யாது? யப்பானுக்கு மேலே உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கடுங்காற்று வீசுகின்றது. 1920களிற் பலூன்களைப் பறக்கவிட்டு அதனைக் கண்டறிந்தவர் யப்பானியரான வசாபுரோ ஓயிஷி. அக்காற்று போகும் விமானத்தை உந்துகின்றது. மீளும் விமானத்தை எதிர்க்கின்றது.

மாணவர்களே, மணியைக் கணக்கிடுமுன், எவ்வூர்க் கடிகாரம் என்று கேளுங்கள்.