பார்மட் செய்யும் நன்னர்கள்

"பார்மட் பண்ணிடலாங்க." கணினி பழுதுபார்க்கும் கடைகளில் நோயைக் கேட்கும் முன்பே எழுதித் தரப்படும் மருந்துச்சீட்டு இது. சென்ற மழைக்காலத்தில் எங்களுக்கும் அது கிடைத்தது.

ஆனைமலையில் எங்கள் வாசகர் வட்டத்துக்கென்று பழைய மேசைக் கணினி ஒன்று உண்டு. உபுண்டு லினக்ஸில் இயங்குவது. வட்டாரத்துப் பாட்டிமார் பாடிய ஒப்பாரிகளையும் கும்மிப் பாடல்களையும் ஆறாண்டுகளாகப் பதிவுசெய்து அதில் சேர்த்திருந்தோம். நகல் எடுத்து வைக்காதது எங்கள் குற்றமே. ஒரு மாலை இடியோடு மின்சாரம் போயிற்று. மறுநாள் கணினியை இயக்கினால் வழக்கமான முகப்பு இல்லை. கறுப்புத் திரையில் சில ஆங்கில வரிகள். ஈற்றில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்றொரு சொல். அதனருகே இமைக்கும் ஒரு கோடு. கடைக்காரர் அவ்வரிகளைப் படிக்கவில்லை. "லினக்ஸுங்களா? அழிச்சுட்டு விண்டோஸ் போட்டுக்கலாங்க" என்றார்.

ஆனைமலைக்காரர்களுக்கு நன்னன் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்ற பெண்ணுக்கு அவன் கொலைத்தண்டனை விதித்தான். 81 யானைகளும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தருவதாகச் சொல்லியும் இரங்கவில்லை. குறுந்தொகை 292ஆம் பாட்டில் பரணர் இதைச் சொல்கிறார். அப்பெண்ணே மாசாணியம்மன் என்பது ஊரார் நம்பிக்கை. சிறு பிழைக்குப் பெருந்தண்டனை என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி நம் ஊரில் இல்லை. பார்மட் என்பது கணினிக்கு விதிக்கப்படும் நன்னன் தீர்ப்பு. வேறுபாடு ஒன்றுதான், நன்னன் குற்றம் என்னவென்றாவது கேட்டான்.

எங்கள் கணினி செய்த குற்றம்தான் என்ன? திரையிலேயே எழுதியிருந்தது. வன்தட்டின் இன்ன பகுதியில் எதிர்பாராத முரண் உள்ளது, 'எஃப்எஸ்சிகே' என்னும் சோதனைக் கட்டளையைக் கையால் இயக்கவும் என்பதே அதன் பொருள். லினக்ஸின் கோப்பு முறைமை, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகே உரிய இடத்தில் பதிகிறது. நடுவே மின்சாரம் போனால், அடுத்த முறை அக்குறிப்பேட்டைப் பார்த்துப் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். அதற்கும் மீறிய முரண் இருந்தால், தன் விருப்பப்படி எதையும் அழித்துவிடாமல் நின்று நம்மைக் கேட்கிறது. அந்தக் கறுப்புத் திரை மரணம் அன்று. அனுமதி கேட்கும் பணிவு.

இரவல் வாங்கிய பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்கினோம். பழைய வன்தட்டைப் படிக்க மட்டும் திறந்து, பாடல்களை முதலில் வெளியே நகலெடுத்தோம். வன்தட்டே தேய்ந்திருந்தால் பழுதுபார்ப்பு அதை மேலும் கெடுக்கக்கூடும். ஆகவே நகல் முதலில், மருத்துவம் பிறகு. அதன்பின் அக்கட்டளையை இயக்கினோம். சில கேள்விகள், சில 'ஆம்'கள். கணினி எழுந்தது. பாட்டிமார் பிழைத்தார்கள்.

கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு மீண்டும் கடவுச்சொல் கேட்கும் கணினியும் இப்படித்தான் தூக்குமேடைக்கு அனுப்பப்படுகிறது. பல வேளைகளில் வன்தட்டு நிரம்பிவிட்டது என்பதே அதன் ஒரே குறை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரையில் நுழைந்து, வேண்டாத கோப்புகளை நீக்கினால் தீரும் வழக்கு அது.

கடைக்காரரை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க முடியாது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் அதில் சேர்ந்தே வந்தன. இயங்குதளத்தைக் கொடுத்தோம், அது முரண்டு பிடித்தால் என்ன செய்வதென்று அவர்கள் மொழியில் போதுமான அளவு எழுதிக் கொடுத்தோமா? 2012 தொடங்கி கணியம் போன்ற தன்னார்வ இதழ்கள் தமிழில் எழுதிவருவது பெரிய கொடை. ஆனால் முகப்பு எழும் முன் திரையில் ஓடும் வரிகள் இன்றும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. லினக்ஸ் அன்பர்களோ புதியவரைப் பார்த்து, "கையேட்டைப் படித்துவிட்டு வா" என்கிறார்கள். எந்த மொழிக் கையேடு, ஐயா?

இலக்கிய நண்பர்களுக்கும் ஒரு சொல். "இதெல்லாம் பொட்டி தட்டுபவர்கள் வேலை" என்று ஒதுங்குகிறோம். ஒரு சொல்லுக்கு நான்கு உரையாசிரியர்களைப் புரட்டும் நாம், நம் பத்தாண்டு எழுத்தைச் சுமக்கும் இயந்திரம் காட்டும் நான்கு வரிகளைப் படிக்க மறுப்பது வெட்கக்கேடு. ஏட்டைச் செல்லரிக்க விட்டவர்களைத் திட்டும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. அடுத்த பதிப்பைத் தாங்காத பழைய கணினிகள் ஊர் நூலகங்களிலும் எழுத்தாளர் வீடுகளிலும் கிடக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்கு லினக்ஸே மறுவாழ்வு. அவையும் ஒருநாள் கறுப்புத் திரையில் நின்று நம்மைக் கேட்கும். அன்று அவ்வரிகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அகராதியோடு உட்காருங்கள், தீர்ந்ததும் தீர்ந்த விதத்தைத் தமிழில் எழுதி வையுங்கள். தீர்ப்பு அதன் பிறகு இருக்கட்டும்.